வளைகோல் பிடித்த ஊர்கள்

கோவில்பட்டி என்ற பெயரைக் கேட்டதும் பெரும்பாலோருக்குக் கடலை மிட்டாய் நினைவுக்கு வரும். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வேறு சிலருக்குத் தீப்பெட்டி. நம்மைப் போலப் புத்தகங்களோடு காலம் கழிப்பவர்களுக்கு அது ஓர் இலக்கியத் தலைநகரம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பூமணியும் சோ. தர்மனும் அந்தக் கரிசலிலிருந்து வந்தவர்கள். நால்வருமே சாகித்திய அகாதமி விருது பெற்றவர்கள். அவ்வளவு சிறிய நிலப்பரப்பிலிருந்து இத்தனை எழுத்து எப்படி முளைத்தது என்று நம் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். மழை பொய்த்த மண் கதையை விளைவித்தது என்று யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவோம்.

அந்த ஊரைப் பற்றி நாம் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி உண்டு. வளைகோல் பந்தாட்டம் என்று தமிழ்ப் புத்தகங்களில் எழுதப்படும் ஹாக்கி அந்த மண்ணில் எப்படி வேர் பிடித்து நின்றது என்பதுதான் அது. தமிழ்நாட்டின் மற்ற சிறு நகரங்களில் மாலை நேரத்துப் பையன்களின் தோளில் கிரிக்கெட் மட்டை தொங்கும்போது, கோவில்பட்டியில் பாதிப் பேரின் தோளில் வளைகோல் தொங்கும். விளையாட்டுக்காரர்கள் செல்லமாக அதை ஹாக்கிப்பட்டி என்று அழைப்பதுண்டு.

இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் திருவண்ணாமலைக்காரன். எங்கள் ஊரும் ஒருகாலத்தில் அந்தக் கோலைக் கையில் எடுத்தது. நான்கே ஆண்டுகளில் கீழே வைத்துவிட்டது. ஓர் ஊர் ஓர் ஆட்டத்தை ஏன் பிடித்துக்கொள்கிறது, இன்னோர் ஊர் ஏன் கைவிடுகிறது என்பதைப் பையன்களின் திறமையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது என்பதே நான் இதில் சொல்ல விரும்புவது. அது பெரும்பாலும் நிலத்தின் கதை.

*

முதலில் சற்றுத் தொலைவுக்குப் போய்வரலாம். கனடாவின் ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊரிலும் ஓர் இளையோர் அணி இருக்கும். பதினாறு வயதிலிருந்து இருபது வயதுக்குட்பட்ட பையன்கள் ஆடும் அணி. தொலைதூரத்திலிருந்து வந்து ஆடும் பிள்ளைகளை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டு வளர்க்கும். அந்த நாட்டின் இளையோருக்கான மிகப் பெரிய கோப்பை முதல் உலகப் போரில் மடிந்த வீரர்களின் நினைவாக 1919இல் ஏற்படுத்தப்பட்டது. மாண்டவர்களுக்கு நினைவுச்சின்னமாகப் பையன்களின் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்த சமூகம் அது.

இந்தியாவில் அதே ஆட்டம் லடாக்கில் இருக்கிறது. லே நகரத்தில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் பிள்ளைகள் அதன்மேல் இறங்கிவிடுவார்கள். ஆரம்ப காலத்தில் ராணுவக் காலணிகளின் அடியில் இரும்புத் தகடு பொருத்தி ஆடினார்கள் என்று சொல்வார்கள். அப்படித் தொடங்கிய நிலத்திலிருந்து வந்த பெண்களை முதுகெலும்பாகக் கொண்ட இந்திய அணி, 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

இந்த இரண்டு இடங்களையும் யோசித்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. உறைந்த குளத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அதில் உழ முடியாது, கடை போட முடியாது, வண்டி நிறுத்த முடியாது. பெரியவர்களுக்கு எதற்கும் பயன்படாத இடம் என்பதால்தான் அது பிள்ளைகளுக்குக் கிடைத்தது. உலகெங்கும் ஆட்டங்கள் அப்படிப்பட்ட இடங்களில்தான் பிறந்திருக்கின்றன. நம் பக்கத்திலும் அறுப்பு முடிந்த வயல், நீர் வற்றிய ஏரி, உப்புப் பூத்த பொறம்போக்கு இவையே மைதானங்கள். யாருக்கும் வேண்டாத நிலம் பையன்களுக்கு வேண்டியதாகிறது. அது மற்றவர்களுக்கும் வேண்டியதாக மாறும் நாளில் ஆட்டம் முடிந்துபோகிறது.

*

எண்பதுகளின் முதல் பாதி. திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டமாக ஆகியிருக்கவில்லை. 1989 வரை நாங்கள் வட ஆர்க்காட்டுக்காரர்கள். எதற்கும் வேலூருக்குத்தான் போக வேண்டும். நான் படித்த பள்ளிக்குப் புதிதாக ஓர் உடற்கல்வி ஆசிரியர் வந்தார். கல்லூரியில் ஹாக்கி ஆடியவர். வந்த மாதமே எங்கிருந்தோ பதினான்கு மட்டைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அவற்றில் ஐந்து ஏற்கெனவே உடைந்து, நூல் சுற்றிப் பசை தடவி ஒட்டவைக்கப்பட்டவை. பந்து இரண்டு. கோல் காப்பவனுக்கான கால்கட்டு ஒரே ஒரு ஜோடி. ஹாக்கியில் பணம் அதிகம் விழுங்குவது கோல் காப்பவன்தான் என்று சார் அடிக்கடி சொல்வார். அதனால் எங்கள் கோல் காப்பவன் நோயில் விழக்கூடாது என்று நாங்கள் வேண்டிக்கொள்வோம். அந்தக் கால்கட்டு வேறு யாருக்கும் பொருந்தாது.

அணியில் இருந்தவர்களின் வீடுகளைச் சொன்னால் ஊரையே சொன்னதாகும். கோவில் வாசலில் பூக்கட்டுகிறவரின் மகன், மணிலாக் கொட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் மகன், சத்திரத்துச் சமையல்காரரின் மகன், தாலுகா அலுவலக எழுத்தரின் மகன், கிராமத்திலிருந்து மூன்று மைல் நடந்து வரும் இரண்டு பேர். வளைகோல் என்ற பொருளை அதற்கு முன் எங்களில் யாரும் தொட்டதில்லை. தொடாத காரணத்தால் யாரும் யாருக்கும் மேலே இல்லை. அந்த வயதில் அது ஒரு பெரிய விடுதலை.

பள்ளியின் பின்புறம் வேலிகாத்தான் வளர்ந்து கிடந்த வெட்டவெளி எங்கள் மைதானம். ஒரு வாரம் அரிவாளும் மண்வெட்டியுமாக வேலை செய்து அதைச் சுத்தம் செய்தோம். சார் அடிகளால் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். நூறு கெஜ நீளமும் அறுபது கெஜ அகலமும் சட்டப்படி வேண்டும். நீளம் கிடைத்தது. அகலத்தில் ஒரு புளியமரம் குறுக்கே நின்றது. மரத்தில் பட்ட பந்து யாருக்கு என்பதற்கு எங்களுக்கென்று தனிச் சட்டம் வைத்துக்கொண்டோம்.

எங்கள் மைதானத்துக்கு வேறொரு விசேஷமும் இருந்தது. இரண்டு கோல்களுக்கும் மலைக் கோல், ஊர்க் கோல் என்று பெயர். ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மாலை வெயில் மலைப் பக்கமிருந்து முகத்தில் அறையும். பிறகு ஒரு கணத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் போக, நிழல் மைதானத்தின்மேல் விரிப்பை இழுத்துவிட்டதுபோல ஓடி வரும். அதற்கு அப்புறம் ஊர்க் கோலைக் காப்பவனுக்குக் கண் கூசாது. டாஸ் வென்றால் எந்தப் பக்கம் கேட்பது, அன்றைக்கு நிழல் எத்தனை மணிக்கு இறங்கும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. மலையைச் சிவமாகக் கும்பிடும் ஊரில் நாங்கள் பதினோரு பேர் மட்டும் அதைக் கடிகாரமாகவும் வைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் ஆண்டு போளூர் வழியாகப் பேருந்தில் வேலூர் போய் எட்டு கோல் வாங்கித் திரும்பினோம். இரண்டாம் ஆண்டு மூன்று. மூன்றாம் ஆண்டு ஓர் ஆட்டத்தில் சமன் செய்தோம். நான்காம் ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில் வென்றோம். அவ்வளவுதான் எங்கள் அணியின் வரலாறு. எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது. அந்த வெற்றிக்குப் பிறகு சார் எங்களுக்கு ஆளுக்கொரு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். அடுத்த ஜூனில் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவருக்குக் கைப்பந்தில் ஆர்வம். மட்டைகள் பொருள்கள் அறைக்குப் போயின. நாங்களும் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்துக்கொண்டு கலைந்தோம்.

ஆசிரியர் போனதோடு அணி முடிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மையாகத் தெரியவில்லை. இன்னோர் ஆசிரியர் என்றாவது வந்திருப்பார். மட்டைகள் வெளியே வந்திருக்கும். வந்தபோது மைதானம் இருந்திருக்காது என்பதே உண்மை. தொண்ணூறுகளில் கிரிவலம் பெருகியது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருவதற்கு மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வரத் தொடங்கினார்கள். கார்த்திகை தீபத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறியது. தீபத்தின்போது ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்க வேண்டும். கார்களை நிறுத்த வேண்டும். மாட்டுச் சந்தைக்கு இடம் வேண்டும். அன்னதானப் பந்தல் போட வேண்டும். காலியாகக் கிடந்த ஒவ்வொரு சென்ட் நிலத்துக்கும் ஒரு வேலை வந்தது. எங்கள் வெட்டவெளியில் முதலில் வகுப்பறைகள் எழும்பின, மிச்சத்தில் வண்டிகள் நின்றன. புளியமரமும் போயிற்று.

இதில் யாரைக் குறை சொல்வது? வருகிறவர்கள் பக்தியோடு வருகிறார்கள். அவர்களால் ஊர் பிழைக்கிறது. எங்கள் அணித் தோழர்களில் இரண்டு பேரின் குடும்பம் இன்றும் அவர்களுக்குப் பூவும் டீயும் விற்றுத்தான் பிழைக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. விருந்தினருக்குத் தன் அறைகளையெல்லாம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளும் குடும்பம்போல எங்கள் ஊர் ஆகிவிட்டது. அந்தத் திண்ணையிலும் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை.

*

நிலம் இருந்தாலும் போதாது என்ற நிலை ஹாக்கிக்கு மட்டும் வந்த ஒரு துயரம். அதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

1928இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1980இல் மாஸ்கோ வரை இந்தியா ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்றது. மாஸ்கோ அணியின் தலைவர் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். ஆனால் அந்த எட்டாவது தங்கத்துக்கு முன்பே தரை மாறிவிட்டிருந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்குப் போயிற்று.

மண்தரையில் பந்து நம்பகமில்லாதது. சிறு கல்லில் பட்டாலும் துள்ளும், திசை மாறும். அதனால் ஆடுபவன் பந்தைக் கோலோடு ஒட்டியே வைத்துக்கொண்டு, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி எதிராளியைத் தாண்டக் கற்றுக்கொள்வான். நம்முடைய புகழ்பெற்ற ஆட்டநுணுக்கம் முழுவதும் மேடுபள்ளம் கற்றுக்கொடுத்தது. செயற்கைத் தரையில் பந்து அடித்த திசையில் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே முக்கியம் வேகம், மூச்சு, நீண்ட தூரத்துக்குத் துல்லியமாகத் தள்ளிவிடும் வலு. மண்ணில் மட்டுமே ஆடிப் பழகியவன் அந்தத் தரையில் கால் வைத்ததும் பாஷை தெரியாத ஊரில் இறங்கியவனைப் போல விழிப்பான்.

இந்தத் தரை பல கோடி ரூபாய் விலையுள்ளது. ஒருமுறை விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை; சில ஆண்டுகளில் தேய்ந்துபோய் மாற்ற வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஆடக்கூடிய தரையை உருவாக்க வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பே இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. பொறம்போக்கில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிய பள்ளிகளெல்லாம் எழுபதுகளுக்குப் பின் மெல்ல மெல்ல ஆட்டத்திலிருந்து விழுந்தன. கிரிக்கெட்டும் தொலைக்காட்சியும் ஹாக்கியைக் கொன்றுவிட்டன என்று சொல்வது நம் வழக்கம். தரையின் விலையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோவில்பட்டியின் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. மண்தரைக் காலத்தில் ஹாக்கி ஆடிய ஊர்கள் தமிழ்நாட்டில் பல இருந்தன. இரயில்வே குடியிருப்புகள், ஆலை நகரங்கள், பாதிரிமார் பள்ளிகள் என்று பட்டியல் நீளும். மண்ணிலிருந்து செயற்கைத் தரைக்கு அந்தப் பள்ளத்தைத் தாண்டி வந்த சிறு நகரங்கள் மிகக் குறைவு. கோவில்பட்டி தாண்டியது. பள்ளிக்கூட மைதானங்களில் அணி அணியாகப் பையன்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஆடி முடித்தவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளூர் கல்வி நிறுவனம் ஒன்றின் ஆதரவில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி கோடைதோறும் நடக்கத் தொடங்கியது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஹாக்கிக்கென்று அங்கே ஒரு சிறப்பு விடுதி நடத்துகிறது. கிருஷ்ணா நகரில் செயற்கைத் தரை வந்தது. தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியாக வந்து சேர வேண்டிய ஊர் அது. குடத்தோடு வரிசையில் நின்ற தாய்மார்களின் பிள்ளைகள், தண்ணீர் தெளித்த தரையில் ஆடுகிறார்கள். இந்த முரணை நினைத்தால் மனத்தில் ஏதோ உறுத்துகிறது. ஆனால் அந்த ஊர் இதைச் செலவாகக் கருதவில்லை, விதைநெல்லாகக் கருதியது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

*

2022 மே மாதம் நான் கோவில்பட்டிக்குப் போனது ஹாக்கிக்காக அல்ல. கி.ரா. மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. இடைசெவலைப் பார்த்துவரலாம் என்று நண்பர்கள் சிலர் புறப்பட்டோம். விழுப்புரத்தில் ரயிலேறி விடியற்காலையில் இறங்கினால், ரயிலடியிலிருந்து விடுதிவரை எங்கு பார்த்தாலும் நீண்ட பைகளை முதுகில் மாட்டிய பையன்கள். பஞ்சாபி பேசினார்கள், இந்தி பேசினார்கள், ஒடியாவாக இருக்கலாம் என்று தோன்றிய ஒன்றைப் பேசினார்கள். விசாரித்தபோது தேசிய இளையோர் ஹாக்கி வாகையர் போட்டி அந்த ஊரில் நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நாட்டின் மாநிலங்கள் எல்லாம் தங்கள் பையன்களை ஒரு தாலுகாத் தலைநகருக்கு அனுப்பியிருந்தன. பரோட்டாக் கடைக்காரர் இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டிருந்தார்.

மாலையில் மைதானத்துக்குப் போனோம். கரிசல் வெயில் இறங்கியும் தரையிலிருந்து அனல் வந்தது. குழாய்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்க, அந்த நீலத் தரை பளபளத்தது. ஆட்டம் தொடங்கியதும் என் பக்கத்தில் இருந்தவர்களைக் கவனித்தேன். வேலை முடித்து வந்த ஆட்கள், பெட்டிக்கடைக்காரர், சட்டைப்பையில் தீப்பெட்டி ஆலையின் அடையாள அட்டை வைத்திருந்த ஒரு பெரியவர். பஞ்சாப் பையன் ஒருவன் பந்தைத் தவறவிட்டபோது அந்தப் பெரியவர், "கீழ் கையை முன்னால வையிடே" என்று தமிழில் கத்தினார். பையனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் குறை சரியாக அதுதான். ஓர் ஊருக்கு ஓர் ஆட்டம் தெரியும் என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, நாங்கள் என்ன ஆடுகிறோம் என்றே தெரியாது.

அதே நாள்களில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. கோவில்பட்டி விடுதியில் பயின்ற இரண்டு பேர் இந்திய அணியில் முதன்முறையாக இடம்பெற்றிருந்தார்கள். மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். கார்த்தி செல்வம் அரியலூரிலிருந்து வந்து இங்கே தங்கிப் பயின்றவர். நீண்ட இடைவெளிக்குப் பிறகு தமிழ்நாட்டு வீரர்கள் தேசிய அணியின் சட்டையை அணிந்திருந்தார்கள். மே 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் கால் பகுதியிலேயே கார்த்தி கோல் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. பிறகு ஜப்பானை வென்று அந்த அணி வெண்கலத்தோடு திரும்பியது. மறுநாள் டீக்கடையில் எல்லோரும் அந்த ஒரு கோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அரியலூர்ப் பையன் எப்படி உங்கள் ஊர்ப் பையன் ஆனான் என்று நண்பர் ஒருவர் சீண்டினார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க தண்ணி குடிச்சாம்லா" என்றார். கனடாவின் அந்தக் குடும்பங்களும் இதே பதிலைத்தான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைசெவலுக்கும் போனோம். தெருவில் நடக்கும்போது கி.ரா.வின் 'கதவு' கதையைப் பற்றிப் பேச்சு வந்தது. வீட்டுக் கதவையே பேருந்தாக்கி ஆடி விளையாடும் ஏழைப் பிள்ளைகள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவு பெயர்த்தெடுத்துப் போகப்படுகிறது. வறுமையின் கதை என்றே அதை நாம் வாசித்திருக்கிறோம். அன்று எனக்கு அது பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிக்கு எப்போதும் வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார் என்ற கதையாகவும் பட்டது. அவர் எந்த நேரத்திலும் வந்து கேட்கலாம். புளியமரம் நின்ற எங்கள் வெட்டவெளி நினைவில் வந்து போயிற்று.

*

உயரத்துக்குப் போன ஒருவரின் பெயரைச் சொல்லி ஓர் அணியின் வரலாற்றை முடித்துவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. புனே அருகே கட்கியில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில், உடைந்த மட்டைகளை ஒட்டி ஆடிய ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் தன்ராஜ் பிள்ளையாகி நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடினார். கார்த்தி 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய வாகையர் கோப்பையில் ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்து, கோப்பையை வென்ற அணியில் இருந்தார். இவை பெருமைக்குரிய கதைகள். ஆனால் விடுதியில் சேரும் பையன்களில் பெரும்பாலோர் இந்தியச் சட்டையைப் போடப்போவதில்லை. அவர்களுக்கு இந்த ஆட்டம் என்ன தருகிறது?

அகில இந்தியப் போட்டிகளில் ஆடவரும் அணிகளின் பெயர்களைப் பாருங்கள். ரயில்வேயின் மண்டலங்கள், வங்கிகள், எண்ணெய் நிறுவனம், காவல்துறை, ராணுவம். மேட்டுக்குடியினர் அதை அணிப் பெயராகப் பார்க்கலாம். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் தாயின் மகன் அதை வேலைவாய்ப்பு அறிவிப்பாகப் படிக்கிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை என்பது அந்த வீட்டின் மூன்று தலைமுறைக் கணக்கை மாற்றும். அதுவும் கிடைக்காதவர்கள் உண்டு. அவர்கள் ஊரிலேயே தங்குகிறார்கள். மாலையில் மைதானத்து ஓரத்தில் நின்று, கீழ் கையை முன்னால் வைக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். ஓர் ஊரின் ஆட்டத்தைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள்தான். வென்றவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். தங்கிவிட்டவர்களால்தான் அடுத்த பதினோரு பேர் வருகிறார்கள்.

எங்கள் அணியில் ஒருவன் ராணுவத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டான். கோல் காப்பவன் ஆட்டோ ஓட்டுகிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு திசை. ஊரில் தங்கியவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். எங்களுக்கும் கத்துவதற்கு விஷயம் இருக்கிறது. நின்று கத்த ஓர் ஓரம் இல்லாமல் போயிற்று.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இருபத்துநான்கு நாடுகள். இறுதியில் ஜெர்மனி வென்றது. இந்தியா வெண்கலம் பெற்றது. மதுரையில் அதற்காகவே புதிய செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. விளக்குகளின் வெளிச்சத்தில் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது என் கவனம் கோல்களில் நிற்கவில்லை. நாடுகளெல்லாம் விமானம் ஏறிப் போன பிறகு, அந்தத் தரையின் வாயிற்கதவு காலை ஐந்தரை மணிக்கு யாருக்காகத் திறக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பையன்களும் பெண்களும் இரவல் மட்டையோடு உள்ளே நுழைய முடிந்தால் இன்னொரு கோவில்பட்டி உருவாக வாய்ப்புண்டு. பூட்டிக் கிடந்தால் அது விலையுயர்ந்த ஒரு விரிப்பு மட்டுமே.

எங்கள் ஊரில் மாவட்ட விளையாட்டரங்கம் ஒன்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தெருவிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில், தீபத்தன்றும் பௌர்ணமியன்றும்கூட யாரும் வண்டி நிறுத்தக் கேட்காத ஒரு துண்டு நிலம் வேண்டும். எதையும் கட்டாமல், எதையும் விற்காமல், சும்மா விட்டுவைக்கப்பட்ட நிலம். கோவில் நகரத்தில் நிலத்துக்கு இருக்கும் விலையில் இது பேராசையாகத் தெரியலாம். மழை பொய்க்கும் கரிசலில் தண்ணீர் தெளித்து ஒரு தரையைக் காப்பாற்றிவரும் ஊரைப் பார்த்த பிறகு, எனக்கு அப்படித் தெரியவில்லை.